பொருள்: ‘சுட்டுணவு’ வேண்டாம், ‘மாசுகாட்டி’ என்று வைக்கலாம்

வணக்கம் அண்ணா,

> கதிர்வீச்சு மாசை முதலில் காட்டிக்கொடுக்கும் பால், காளான் போன்றவற்றுக்குச் ‘சுட்டுணவு’ பொருந்துமா?

சுட்டுதல் என்ற பொருளில் சரிதான். ஆனால் ஈரோட்டுச் சந்தையில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், சுட்ட சோளக்கதிரைத்தான் நினைப்பார்கள். ‘மாசுகாட்டி’ என்று வைக்கலாம். நிறங்காட்டி, திசைகாட்டி எல்லாம் பள்ளியிலேயே பழகியவை. ‘மானி’ ஒத்துவராது. மானி என்றால் அளக்க வேண்டும். கிலோவுக்கு எத்தனை பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்று அளப்பது ஆய்வகக் கருவிதான், பால் அல்ல.

பாலை வைத்தே சோதித்துப் பார்ப்போம். காங்கயம் பக்கத்துக் கொரங்காட்டில் (மேய்ச்சல் நிலத்தில்), கிளுவை வேலிக்குள் மாடு நாள் முழுக்கக் கொழுக்கட்டைப்புல் மேய்கிறது. எங்கோ அணு உலை விபத்து நடந்து, காற்றோடு வந்த அயோடின்-131 என்ற கதிரியக்கப் பொருள் மழையில் இறங்கினால் புல்லில் படியும். அத்தனை இடத்துப் புல்லையும் மாடு திரட்டித் தின்பதால் ஓரிரு நாளிலேயே பாலில் தெரிந்துவிடும். அதே மாடு கட்டுத்தரையில் நின்று, முன்பே போரில் அடுக்கிவைத்த சோளத்தட்டைத் தின்றால் பாலில் அவ்வளவாகத் தெரியாது. ஆகவே வரையறையில் வெறுமனே ‘பால்’ என்று போடாமல் ‘மேய்ச்சல் மாட்டுப் பால்’ என்றே எழுத வேண்டும். 1986 செர்னோபில் விபத்துக்குப் பின் இப்படி மாசுபட்ட பாலைக் குடித்த குழந்தைகளிடம்தான் தைராய்டு புற்றுநோய் கூடியது. பிள்ளைக்குப் பால் ஆற்றுகிற தாய்க்கும் புரிகிற சொல்லாக இது இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நிற்பது அதனால்தான்.

அயோடின்-131 எட்டு நாளில் பாதியாகிவிடும். சீசியம்-137 என்ற இன்னொரு கதிரியக்கப் பொருள் பாதியாகச் சுமார் 30 ஆண்டு ஆகும். இப்படி நெடுநாள் தங்கும் பழைய சீசியம் மாசைக் காட்டுவது காளானும் காட்டுப்பன்றி இறைச்சியும். ஜெர்மனியின் பவேரியக் காடுகளில் கிலோவுக்கு 600 பெக்கரல் என்ற வரம்பைத் தாண்டும் பன்றிகள் இத்தனை ஆண்டு கழித்தும் பிடிபடுகின்றன. அதனால் பாலுக்கு ‘உடன்காட்டி’, காளானுக்கும் பன்றி இறைச்சிக்கும் ‘நெடுங்காட்டி’ என்று இரண்டு உட்பிரிவு வைக்கலாம்.

அப்புறம், உங்கள் கேள்வியில் உள்ள ‘கதிர்வீச்சு மாசு’ என்பதைக் ‘கதிரியக்க மாசு’ என்று மாற்றிவிடுங்கள். முளைவிடாமல் இருக்க வெங்காயத்துக்குக் கதிர்வீச்சு கொடுப்பது உண்டு. அதில் கதிரியக்கப் பொருள் எதுவும் ஒட்டுவதில்லை. இரண்டையும் குழப்பினால் வெங்காயம் விளைவிப்பவர் வயிற்றில்தான் அடி விழும்.

‘நெடுங்காட்டி’ காளானுக்குச் சரிவருமா என்று தாவரவியல் படித்தவர்கள் சொல்லட்டும். ‘மாசுகாட்டி’க்கு மறுப்பு இல்லையென்றால் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாம்.