நண்பகல் மணியும் ஒரு கணக்கும்: சேசு சபைப் பள்ளிகளில் படித்தவர்களின் அனுபவங்கள்

தெப்பக்குளத்தான்:
திருச்சி தூய வளனார் பள்ளியில் படித்தவர்களுக்கு லூர்து அன்னை ஆலயத்து மணியைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. ஒன்பதாம் வகுப்பில் எங்களுக்குக் கணக்கு எடுத்தவர் நெற்றி நிறையத் திருநீறு பூசி வருபவர். நண்பகலில் கத்தோலிக்கரின் மூவேளை செபத்துக்கு மணி அடித்ததும், சமக்குறியைப் போட்ட கையோடு, சுண்ணக்கட்டியைப் பலகையிலிருந்து எடுக்காமல் அப்படியே நிற்பார். ஒருநாள் அதைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். மணி ஓய்ந்த பிறகு அவர் திரும்பி என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் சமக்குறிக்கு அடுத்த எண்ணை எழுதினார். அடித்திருந்தால் என்றோ மறந்திருப்பேன். 1844 முதல் திருச்சியில் நடக்கும் பள்ளியாயிற்றே, அதன் ஒழுங்கு அவருக்கும் பழகிவிட்டது என்று அப்போது எண்ணினேன். அது வெறும் பழக்கந்தானா என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

கடைசி பெஞ்சு:
பழக்கந்தான், இதில் புதிர் ஒன்றும் இல்லை. வேறொரு ஊரில், கத்தோலிக்கத் துறவியரான அதே சேசு சபையாரின் பள்ளியிலேயே படித்த நான், விடைத்தாளின் தலையில் எல்லாரையும் போல ஏ.எம்.டி.ஜி. என்று எழுதுவேன். இறைவனின் மேலான மகிமைக்காக என்பது அந்த லத்தீன் தொடரின் பொருள் என்று அறியாமலே அதற்கும் மேலே பிள்ளையார் சுழியும் போட்டுவிடுவேன். தாளைத் திருத்திய ஃபாதர் என்னை அழைத்து, "தம்பி, மேலே இரண்டு துணை இருந்தும் கீழே கணக்குத் தப்பிவிட்டதே" என்றார். சுழியை அவர் அடிக்கவில்லை, மதிப்பெண்ணும் போடவில்லை.

ஏட்டுப்பித்தன்:
முதலில் ஒரு திருத்தம். 1844இல் தூய வளனார் பள்ளி தொடங்கியது நாகப்பட்டினத்தில். திருச்சிக்கு வந்தது 1883இல். திருத்தந்தை 14ஆம் கிளமென்ட் 1773இல் கலைத்த சேசு சபைக்கு 1814இல் மறுபடியும் உயிர் வந்ததனால்தான் பிரெஞ்சுக் குருக்கள், திருச்சியும் அடங்கிய மதுரை மறைப்பணித்தளத்துக்குத் திரும்ப முடிந்தது. அந்தத் தொடர்ச்சியை விட்டுவிட்டு வெறும் ஆண்டை மட்டும் சொல்வது முறையன்று. என் அனுபவம் சிறியது: விடுதியின் இரவுப் படிப்பில் தூங்கி விழுந்த என் தலைக்கடியில் யாரோ ஓர் அகராதியை அணை கொடுத்து வைத்திருந்தார்கள். இனி நீங்கள் செய்ய வேண்டியது, கையிலுள்ள ஆண்டு மலர்களைக் கரையான் தின்பதற்கு முன் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைப்பது. குழுப் படங்களில் நிற்பவர்களின் பெயர்களை உடனே பின்புறத்தில் பென்சிலால் எழுதுவது, மை வேண்டாம், ஊறிவிடும். ஓய்வுபெற்ற ஆசிரியர்களை நேரில் சென்று கேட்பது, அப்போதும் ஆண்டைக் கேட்காமல் அப்போது தலைமையாசிரியர் யார் என்று கேட்பது, ஏனெனில் அதுதான் அவர்கள் நினைவில் தவறாமல் நிற்கும்.

தெப்பக்குளத்தான்:
1883 என்பதை ஏற்கிறேன். ஆண்டு மலர் ஒன்று என்னிடமும் உண்டு. ஆசிரியர் குழுப் படத்தின் இரண்டாம் வரிசையில் அவர் நிற்கிறார், திருநீறுகூடத் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் மணி அடிக்கும்போதெல்லாம் அவர் பலகையைப் பார்த்துத்தான் நின்றார். அந்த நேரத்து முகத்தை வகுப்பில் ஒருவரும் பார்த்ததில்லை.