ஸ்கூல் தொறந்ததும் கிளாஸ்ல என்ன தீம் வச்சிய? எனக்க கத இது

நான் குளச்சல் பக்கம் ரெண்டாங்கிளாஸ் எடுக்கேன். போன வருஷம் மே கடைசியில நெட்டுல பாத்து பாத்து ‘கடலுக்கடியில்’னு ஒரு தீம் புடிச்சு, நீல சார்ட், தெர்மோகோல் மீனு, டால்பின், சிப்பிக்குள்ள பிள்ளையளுக்க பேருன்னு வீட்டுக்காரரையும் ராத்திரி பதினொரு மணி வரைக்கும் வெட்ட வச்சு ஒட்டியாச்சு. ஜூன் மழைதான் தெரியும்லா, சுவரு ஓதம் அடிச்சு மூணாம் நாளு காலையில டால்பின் தரையில கெடக்கு. டபுள் சைட் டேப்பெல்லாம் நிக்காது கேட்டியளா, பெறவு ஆணி அடிச்சு சணலு கட்டி கிளிப்புல தொங்கவிட்டேன்.

அது கூட பரவால்ல. ஒரு பய எந்திச்சு வந்து சுவத்தயே பாத்துட்டு நிக்கான். என்ன மக்கா, கொள்ளாமான்னு கேட்டா, "டீச்சர், சாவாளைக்கு வாலு இப்பிடி விரியாது, கூரா போவும்"ங்கான். அடுத்து ஒருத்தி, "அயிலைக்கு முதுகுல வரி எங்க டீச்சர்?" மஞ்சளும் ஆரஞ்சுமா நான் ஒட்டுனதுல ஒண்ணு கூட அதுக வீட்டு சட்டியில விழுந்த மீனு இல்ல. எல்லாத்தையும் கழத்திட்டு நீங்களே வரைங்கன்னு பேப்பர குடுத்துட்டேன்.

ஜூன் 1ல இருந்து ஜூலை 31 வரைக்கும் நம்ம மேற்கு கடல்ல மீன்பிடி தடைக்காலம்லா, விசைப்படகெல்லாம் கரையில, அதனால பிள்ளைய கூப்பிட அப்பாமாருதான் வந்தாவ. அதுல ஒருத்தர் ஜன்னல் வழியா எட்டிப் பாத்துட்டு மறுநாள் ஒரு பழைய வலத்துண்டு கொண்டு தந்தாரு. மீனெல்லாம் இப்ப அதுலதான் தொங்குது. மணம் மட்டும் ஒரு வாரம் போகல்ல.

உங்களுக்கு எப்பிடி?

திருவட்டார் பக்கத்துல இருந்து:
நான் மாத்தூர் தொட்டிப்பாலத்த நீளமா வரைஞ்சு தூணுக்கு ஒரு ரோல் நம்பர் போட்டேன், பாலத்துல 28 தூணுலா, அதே மாதிரி. சேந்துச்சு பாருங்க புதுசா ஒரு பிள்ள. "எனக்கு தூணு இல்லியா சார்"னு ஒரே அழுக. பொறியாளரு கெட்டாத தூண நான் கெட்டுனேன்.

தோவாளை பக்கம் வேலை பாக்கவங்க:
வல ஐடியா சூப்பர் டீச்சர். நான் அரசு எண்ணும் எழுத்தும் திட்டத்துல பிள்ளையள படிப்பு நிலைக்கு தக்க பிரிக்க அரும்பு, மொட்டு, மலர வச்சே பூந்தோட்டம் மாதிரி போர்டு பண்ணுனேன், பூச்சந்த ஊருல்லா, பொருத்தமா இருக்கும்னு. ஒருத்தி எந்திச்சு, "மொட்டுக்குத்தான் டீச்சர் வெல, விரிஞ்ச பிச்சிய ஆரு வாங்குவா"ன்னுட்டா. மலர்ல இருந்த பயலுக்கு மூஞ்சி சுண்டிப் போச்சு. சாயங்காலமே போர்ட கழத்திட்டேன்.