மோசர் எங்கே போனார்?

குழு: உச்சிப்புளி வீடு

பாண்டி: நேற்று ராத்திரி எங்கள் கரையில் பக்கத்துப் படகிலிருந்து ஜிபிஎஸ்ஸும் பேட்டரியும் போய்விட்டது. காலையில் போலீஸ் நாய் வந்தது. தெருவே திரண்டு நின்றது.

கலா: ஐயோ. உன் படகு என்னடா ஆச்சு?

பாண்டி: தப்பியது அத்தை. கரை ஏறியதும் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குத் தூக்கி வந்துவிடுவேன்.

தீபா: நாய் என்ன செய்தது? அதைச் சொல் முதலில்.

பாண்டி: படகை மோந்தது. ஐஸ் பெட்டி, கயிறு, நங்கூரம் ஒன்று விடாமல் மோந்தது. அப்புறம் விறுவிறுவென்று ஓடியது. பின்னாலேயே நாங்கள் அத்தனை பேரும் ஓடினோம். நேரே கருவாடு காயப்போடுகிற வாடிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இழுத்தாலும் வரவில்லை.

அருண்: "சிறிது தூரம் ஓடி நின்றுவிட்டது. யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை" 😂😂

தீபா: பேப்பர்காரர்கள் அந்த வரியை மட்டும் அழிக்காமல் வைத்துக்கொண்டு ஊர்ப் பெயரை மாற்றிப் போடுகிறார்கள் என்று எனக்கு ரொம்ப நாள் சந்தேகம்.

சரவணன்: இங்கே இப்போதுதான் எழுந்தேன். ரெக்ஸ் வந்திருந்தால் இந்நேரம் திருடனையும் பிடித்து, அவன் கையில் இருந்த பன்னையும் பிடுங்கித் தின்றிருப்பான்.

கலா: ரெக்ஸ்! அந்தப் பெயரைக் கேட்டு எத்தனை வருஷம் ஆச்சு!

நித்யா: யார் ரெக்ஸ்? நம் வீட்டில் நாய் வளர்த்தீர்களா?

பாண்டி: இவள் வருவதற்கு முந்தைய கதை. சரவணன் மச்சான், நீங்களே சொல்லுங்கள்.

சரவணன்: அது ஆஸ்திரியா நாட்டு டிவி தொடர் நித்யா. 'கொமிசார் ரெக்ஸ்' என்று 1994-ல் ஆரம்பித்தது. கதை நடப்பது வியன்னாவில். ரெக்ஸை வைத்திருந்த போலீஸ்காரர் முதல் கதையிலேயே டியூட்டியில் இறந்துபோவார். நாய் சோர்ந்துபோய்க் கிடக்கும், இனி வேலைக்கு ஆகாது என்பார்கள். மோசர் என்று ஒரு கொலைக் கேஸ் அதிகாரி, மனைவி பிரிந்துபோய் ஒண்டியாக இருப்பவர், அதைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். அதற்கப்புறம் கேஸ் பிடிப்பதெல்லாம் இரண்டு பேரும் சேர்ந்துதான். மெல்போர்னில் எஸ்பிஎஸ் சேனலில் ஜெர்மன் பேச்சு அப்படியே வரும், கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடும். இங்கே அதற்குப் பைத்தியமாக இருந்தார்கள். ஒரு லீவுக்கு வரும்போது டிவிடி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

பாண்டி: அதையும் ஒரு கதையாகச் சொல்லுங்கள்.

சரவணன்: ஆமாம். ஆஸ்திரேலியா டிவிடி வேறு மண்டலக் குறியீடாம், வீட்டில் இருந்த நல்ல கம்பெனி பிளேயர் தட்டை வெளியே துப்பிவிட்டது. மாமா மண்டபம் ஊருக்குப் போய்ப் பேர் தெரியாத பிளேயர் ஒன்று வாங்கி வந்தார். அதில் எதைப் போட்டாலும் ஓடியது. மாத்திரை அட்டையைப் போட்டாலும் ஓடியிருக்கும்.

முருகேசன்: அது இன்னும் பரணில் இருக்கிறது.

நித்யா: ஜெர்மன் பேசினால் அப்பத்தாவுக்கு எப்படிப் புரிந்தது?

முருகேசன்: இந்தக் கரையில் அது பெரிய விஷயமே இல்லை தாயி. 1982-ல் கொழும்பில் ரூபவாகினி டிவி ஆரம்பித்தார்கள். நமக்கு அப்போது அதுதான் கண்ணாடி மாதிரி தெரியும். நம் தூர்தர்ஷனில் பாதி நாள் புள்ளிதான் ஓடும். ராமேஸ்வரத்தில் 323 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறதே டிவி கோபுரம், அதெல்லாம் வராத காலம். குழாய் மேல் குழாய் செருகி ஆன்டெனாவை இலங்கைப் பக்கம் திருப்பி வைப்போம். வாடைக் காற்று அடித்தால் அது ஒரு பக்கம் திரும்பிக்கொள்ளும், ஓட்டின் மேல் ஏறி நின்று 'தெரியுதா, தெரியுதா' என்று கத்த வேண்டும். சிங்கள நாடகத்தையே அழுதுகொண்டு பார்த்த குடும்பம் இது. ஜெர்மன் என்ன பிரமாதம்?

தீபா: அதோடு கலா அத்தை இருந்தார்களே. கீழே ஓடும் எழுத்தை வகுப்பில் பாடம் நடத்துகிற குரலில் தமிழில் படித்துக்கொண்டே வருவார்கள். வியன்னா போலீஸ் எல்லாம் "அடேய் பாவிப்பயலே, உண்மையைச் சொல்லிவிடு" என்றுதான் பேசும்.

கலா: எழுத்து வேகமாக ஓடினால் நான் என்ன செய்வது? முதல் வரியைப் படிப்பேன், மிச்சத்தை முகத்தைப் பார்த்துச் சொல்வேன்.

பாண்டி: அந்த பன் விஷயத்தையும் சொல்லுங்கள் அத்தை.

கலா: அது வேறொன்றும் இல்லை நித்யா. ரெக்ஸுக்கு வட்டமான ரொட்டிக்குள் இறைச்சி வைத்துக் கொடுப்பார்கள். அதற்காக உயிரை விடும். ஆபீஸில் ஸ்டாக்கிங்கர் என்று ஒருத்தன், நாயைக் கண்டாலே ஆகாது. அவன் ஆசையாக வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோகும்போதுதான் லபக்கென்று கவ்விக்கொண்டு போய்விடும். அவன் வெறுங்கையைப் பார்ப்பான், நாயைப் பார்ப்பான், திரும்பவும் கையைப் பார்ப்பான். அம்மா சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிடும். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். பன்றி, மாடு என்று சொல்லித் தொலைத்தால் அடுத்த நாள் பார்க்க மாட்டார்களே என்று, உருளைக்கிழங்கு மசால் என்று சொல்லிவைத்தேன்.

அருண்: அந்த ஸ்டாக்கிங்கர் சாதாரண ஆள் இல்லை. கார்ல் மார்க்கோவிக்ஸ். அவர் நாயகனாக நடித்த படம் ஒன்று 2008-ல் வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கர் வாங்கியிருக்கிறது. இப்போதுதான் தேடினேன்.

கலா: பன்னைப் பறிகொடுத்த பாவத்துக்காவது கொடுக்க வேண்டாமா?

அருண்: இன்னொன்று. ரெக்ஸாக நடித்தது ஒரே நாய் இல்லை. வருஷம் போகப் போக நாய் மாறியிருக்கிறது. பயிற்சி கொடுத்தது தெரசா ஆன் மில்லர் என்று அமெரிக்கப் பெண்.

பாண்டி: இதை அப்பத்தாவிடம் சொல்லித் தொலைக்காதே.

முருகேசன்: போலீஸ்காரன் நான் அந்தக் காலத்திலேயே சொன்னேன், யாரும் கேட்கவில்லை. நிஜத்தில் ஒரு நாய்க்கு ஒரு வேலைதான். ஆள் தடம் பிடிக்கிற நாய் வேறு, வெடிமருந்து நாய் வேறு, கஞ்சா பிடிக்கிற நாய் வேறு. வெடிமருந்து நாய் பொருளைக் கண்டுபிடித்தால் குரைக்காது, பிறாண்டாது. சத்தமில்லாமல் பக்கத்தில் உட்காரும். பிறாண்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ரெக்ஸ் எல்லாம் செய்வான், கதவும் திறப்பான், போனையும் எடுத்துக் கொடுப்பான். போதாக்குறைக்கு அந்த மோசர் கண்ட நேரத்தில் கண்ட வீட்டுக்குள் புகுந்துவிடுவான். ஒரு வாரண்ட் கிடையாது.

தீபா: அப்பா ஒவ்வொரு நாளும் இதைச் சொல்லிக்கொண்டே முதல் ஆளாக வந்து உட்காருவார். நாற்காலியை வேறு யாருக்கும் விட மாட்டார்.

முருகேசன்: தொழில் ரீதியாகக் கவனித்தேன்.

சரவணன்: 😂 மாமா, அப்படியானால் பாண்டி ஊர் நாய் ஏன் வாடியில் போய் உட்கார்ந்தது?

முருகேசன்: நாயைக் குறை சொல்லக் கூடாது. திருடன் தொட்ட பொருளில் இருக்கிற வாடையைத்தான் அது பிடித்துக்கொண்டு போகும். கரையில் விடிவதற்குள் எத்தனை பேர் நடந்திருப்பார்கள்? வெயில், காற்று, உப்புத் தண்ணீர், எல்லாம் அந்தத் தடத்தைக் கலைக்கும். திருடன் அலையில் கால் நனைத்துப் போயிருந்தால் முடிந்தது கதை. வண்டியில் ஏறியிருந்தால் ஏறிய இடத்தோடு நிற்கும். அதைத்தான் பேப்பரில் 'சிறிது தூரம் ஓடி' என்று எழுதுகிறார்கள். நாயும் அதைக் கையாளுகிற ஆளும் மாதக்கணக்கில் சேர்ந்து பழகுவார்கள். குவாலியர் பக்கம் டேகன்பூரில் எல்லைப் பாதுகாப்புப் படை இதற்கென்றே பயிற்சி மையம் வைத்திருக்கிறது. சும்மா சொல்லவில்லை.

பாண்டி: அதெல்லாம் சரி பெரியப்பா. வாடி வாசலில் சாளைக் கருவாடு காய்ந்தது. நான் என் கண்ணால் பார்த்தேன்.

தீபா: அப்படியே ஆளைக் கவ்வினாலும் கோர்ட்டில் அது பெரிதாக நிற்காது. 1969-ல் மகாராஷ்டிரா ரயில் கவிழ்ப்பு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதைப் பேசியிருக்கிறது. நாய் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்து சாட்சி சொல்ல முடியாது, அதைக் குறுக்கு விசாரணை செய்யவும் முடியாது. அதனால் மோப்ப நாய் சாட்சியத்துக்கு அவ்வளவாக மதிப்பு கிடையாது. விசாரணைக்கு ஒரு தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

சரவணன்: ரெக்ஸைக் கூண்டில் ஏற்றினால் உன் கையில் இருக்கிற பன் போய்விடும்.

நித்யா: எனக்கே இப்போது பார்க்க வேண்டும் போல் இருக்கிறது. எப்போது பார்ப்பீர்கள், தினமுமா?

பாண்டி: கரண்டு இருந்தால். மின்வெட்டு உச்சத்தில் இருந்த வருஷங்கள் அது. ஒரு கதை முக்கால் மணி நேரம். கொலைகாரன் மாடிப்படியில் ஓடுவான், ரெக்ஸ் பின்னால் ஓடும், டப்பென்று அணைந்துவிடும். அப்புறம் இரண்டு மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்து யார் கொலைகாரன் என்று சண்டை போடுவோம். அப்பத்தா ஒரு நாளும் தப்பாகச் சொன்னதில்லை.

கலா: யார் மரியாதையாகப் பேசுகிறானோ அவன்தான் என்பார்கள். அப்படித்தான் இருக்கும்.

தீபா: அத்தை, மோசர் டிஸ்க்கை நீங்கள் ஒளித்துவைத்தது ஞாபகம் இருக்கிறதா?

நித்யா: ஏன்?

சரவணன்: நான்காவது சீசனில் மோசரைக் கொன்றுவிடுவார்கள். நடித்த டோபியாஸ் மொரெட்டி விலகிவிட்டார். அதற்கப்புறம் பிராண்ட்னர் என்று வேறு ஆள் வருவார். நான் மெல்போர்னில் பார்த்துவிட்டு ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மாச்சி தாங்க மாட்டார்கள் என்று அம்மாவுக்குப் போன் போட்டு அந்தத் தட்டை மட்டும் எடுத்துவிடச் சொன்னேன்.

கலா: அரிசி டின்னுக்குள் போட்டுவைத்தேன். அடுத்த தட்டைப் போட்டால் வேறு ஆள் நிற்கிறான். மோசர் எங்கே என்று அம்மா கேட்டார்கள். டெல்லிக்கு மாற்றல் ஆகிவிட்டது என்றேன்.

முருகேசன்: டெல்லியா? என்னிடம் கேட்டபோது டிஎஸ்பியாகப் பிரமோஷன் கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டார் என்றல்லவா சொன்னேன்.

பாண்டி: ஐயையோ. என்னிடமும் கேட்டார்கள். நான் சவுதிக்குப் போய்விட்டார் என்றேன். நம் தெருவில் காணாமல் போகிறவன் எல்லாம் அங்கேதானே போகிறான்.

தீபா: ஆக மூன்று பேரும் மூன்று கதை. கூடிப் பேசிவைத்துக்கொள்ளவே இல்லையா? அப்பா, நீங்கள் போலீஸ்!

முருகேசன்: என்னை யாரும் கலந்து பேசவில்லை.

கலா: பாவம், அம்மா இத்தனை வருஷமாக எதை நம்பிக்கொண்டிருக்கிறார்களோ.

அருண்: அப்பத்தா என் பக்கத்தில்தான் வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன்.

கலா: அடப்பாவி!

அருண்: பதில் சொல்கிறார்கள். அப்படியே அடிக்கிறேன். "ஒருத்தி டெல்லிங்கிறா. ஒருத்தன் பெரிய உத்தியோகம்ங்கிறான். சின்னப்பய சவுதிங்கிறான். வீட்டுல மூணு பேரு மூணு விதமாச் சொன்னா ஆளு செத்துட்டான்னுதான அர்த்தம். அன்னைக்கே தெரியும் எனக்கு."

சரவணன்: 😳

தீபா: இதற்குப் பெயர்தான் குறுக்கு விசாரணை. நான் இத்தனை வருஷம் படித்தது வீண்.

அருண்: இன்னும் சொல்கிறார்கள். "மாத்தல்ல போறவன் நாயை விட்டுட்டா போவான்? பிள்ளையாட்டம் வச்சிருந்தவன். அதைக் கூட யோசிக்கல நீங்க."

முருகேசன்: அம்மா, அப்புறம் ஏன் எங்களிடம் கேட்கவில்லை?

அருண்: "கேட்டா அழுவீக. உங்களைச் சமாதானம் பண்றதுக்கு யாரு இருக்கா? புதுசா வந்த பயலும் நாய்க்கு நேரத்துக்குத் தீனி போட்டான். சரி, நல்லவந்தான்னு பார்த்துக்கிட்டு இருந்தேன்." அப்புறம் கலா அத்தைக்குத் தனியாக ஒன்று: "உருளைக்கிழங்கு இல்லைங்கிறதும் தெரியும்."

கலா: 🙈🙈

பாண்டி: பெரியப்பா, நம் கரைக்கு அப்பத்தாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஜிபிஎஸ் கிடைத்துவிடும்.

சரவணன்: அம்மாச்சியிடம் சொல் அருண், ரெக்ஸ் 2004-ல் வியன்னாவில் முடிந்த பிறகு 2008-ல் இத்தாலிக்காரர்கள் எடுத்து ரோமில் ஓட்டினார்கள். 2019-ல் கனடாவில் ஆரம்பித்தார்கள், 'ஹட்சன் அண்ட் ரெக்ஸ்' என்று. கதை நடக்கிற ஊர் செயின்ட் ஜான்ஸ். பாறை, துறைமுகம், படகு என்று எல்லாம் கடல்தான். மீன்பிடிக்கிற ஊர்.

அருண்: "என்ன மீனு?" என்று கேட்கிறார்கள்.

சரவணன்: காட் மீன். ஆனால் அளவு மீறிப் பிடித்துப் பிடித்து மீனே இல்லாமல் போய், 1992-ல் தொழில்முறையாகப் பிடிக்கவே தடை போட்டார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் நீடித்தது.

பாண்டி: முப்பது வருஷமா? எங்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்துக்கே விசைப்படகுக்காரர்கள் வட்டிக்கு வாங்க வேண்டியிருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள்?

சரவணன்: நிறையப் பேர் ஊரை விட்டே போய்விட்டார்கள். சிலர் நண்டு, இறால் பக்கம் திரும்பினார்கள்.

அருண்: அப்பத்தா அதைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். நாய்க்காக இல்லையாம், அந்த ஊர்க் கரை எப்படி இருக்கிறது என்று பார்க்கவாம்.

முருகேசன்: ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் இங்கே வந்துவிடுங்கள். பரணில் இருக்கிற பிளேயரை இறக்கட்டுமா?

அருண்: பெரியப்பா, இப்போதெல்லாம் அது வேண்டாம். நான் மடிக்கணினியை டிவியில் மாட்டிவிடுகிறேன்.

முருகேசன்: இருந்தாலும் இறக்கித் துடைத்துவைக்கிறேன்.

கலா: நான் வருகிறேன். ஆனால் எழுத்துப் படிக்கிற வேலை இனி எனக்கு வேண்டாம், கண் ஒத்துழைக்காது. நித்யா படிக்கட்டும்.

நித்யா: சரி அத்தை, படிக்கிறேன். யாராவது செத்தால் எந்த ஊருக்கு மாற்றல் என்று மட்டும் முன்கூட்டியே எல்லாரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.