மறுமொழி: மீள்வளைபாதமா, மறுதிருகலா?

அனைவருக்கும் வணக்கம். பிறவியிலேயே பாதம் உள்நோக்கித் திரும்பியிருக்கும் நிலையை (clubfoot) வளைபாதம் என்கிறோம். சிகிச்சையில் சரியான பிறகு அது திரும்ப வந்தால் (relapse), அதைப் பெற்றோர் கையேட்டில் எந்தத் தமிழ்ச் சொல்லால் குறிப்பது என்ற உரையாடலுக்கு என் பதில் இது.

> 'மீள்வளைபாதம்' என்றே வைக்கலாம். மீள் என்றால் திரும்பவும் என்று எல்லாருக்கும் தெரியும்.

மருத்துவர் ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும், இந்தச் சொல் எனக்கு அச்சம் தருகிறது. மீள்பார்வை, மீள்பதிவு போன்றவற்றில் 'மீள்' சரி. நோய் என்று வந்துவிட்டால், 'காய்ச்சலிலிருந்து மீண்டான்' என்பதற்குக் குணமாகிவிட்டான் என்றுதானே பொருள்? பெற்றோர் கையேட்டில் 'மீள்வளைபாதம்' என்று படிக்கும் தாய், பிள்ளை வளைபாதத்திலிருந்து மீண்டுவிட்டது என்று எடுத்துக்கொண்டு பட்டைக் காலணியை (இரண்டு காலணிகளையும் ஒரு பட்டையால் இணைத்து, பாதம் திரும்பாமல் பிடித்து வைப்பது) கழற்றி வைத்துவிட்டால்? நாம் எச்சரிக்க நினைத்த இடத்தில் நம் சொல்லே ஆறுதல் சொல்லிவிடும்.

'வளைவு' என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. இந்தக் குழந்தைகளுக்கு எலும்பு வில்போல் வளைந்து கிடக்கவில்லை. கணுக்காலில் உள்ள தாலஸ் எலும்புக்கு அடியில் குதிகால் எலும்பும், முன்னாலுள்ள படகெலும்பும், கனசதுர எலும்பும் ஒன்றாக உள்நோக்கித் திரும்பி நிற்கின்றன. எலும்பு மருத்துவர் இக்னேசியோ பொன்செட்டி அமெரிக்காவின் அயோவாவில் 1940களின் கடைசியில் தொடங்கி உருவாக்கிய சிகிச்சை முறைக்கு அடிப்படையே இந்தப் புரிதல்தான். தாலஸின் தலையில் கட்டைவிரலை ஊன்றிக்கொண்டு, மீதிப் பாதத்தை அதன் அடியில் மெல்ல வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். அதே நிலையில் வாரம் ஒரு மாவுக்கட்டு. பெரும்பாலும் ஐந்தாறு கட்டுகளில் பாதம் வழிக்கு வரும். வளைந்ததை நிமிர்த்துகிறோம் என்று நினைத்து அழுத்துகிற கை தவறான இடத்தில் அழுத்தும். ஆகவே அடிச்சொல் 'திருகு' என்றே இருக்கட்டும்: திருகுபாதம்.

இதில் இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. திருகுபாதம் வினைத்தொகை. திருகிய பாதம், திருகுகின்ற பாதம், திருகும் பாதம் என மூன்று காலத்துக்கும் விரியும். இந்த நோயின் இயல்பும் அதுதான். கட்டுப்போட்டுச் சரியான பிறகும், பாதத்தை உள்ளே இழுத்த இறுகிய தசைநார்களின் போக்கு முதல் சில ஆண்டுகளுக்கு ஓயாது. பாதம் வேகமாக வளரும் காலமும் அதுவே. அதனால்தான் முதல் 3 மாதம் நாளுக்கு 23 மணி நேரமும், பிறகு 4, 5 வயது வரை தூங்கும்போதும் அந்தக் காலணியைப் போடச் சொல்கிறோம்.

சரியான பாதம் திரும்பவும் உள்ளே போனால்? இயன்முறை சிகிச்சைக்கு வரும் தாய்மார்கள் என்னிடம் சொல்வது இதுதான்: "கால் மறுபடியும் திரும்பிக்கிச்சுங்க." திரும்புதல் என்ற ஒரே சொல்லில் நோய் வந்ததும் இருக்கிறது, பாதம் திருகியதும் இருக்கிறது. எழுத்து வழக்குக்கு அதையே கொஞ்சம் இறுக்கி 'மறுதிருகல்' என்று முன்மொழிகிறேன்.

> 'பராமரிப்பு தவறிய பாதம்' என்று காரணத்தையே பெயராக்கினால் பெற்றோர் விழிப்பாக இருப்பார்களே?

வேண்டவே வேண்டாம். மறுதிருகலுக்கு முதல் காரணம் காலணி போடாமல் விடுவதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒழுங்காகப் போட்ட பிள்ளைகள் சிலருக்கும் வருகிறது. நான்கு வயதுப் பையன் ஒருவனின் செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். சுண்டுவிரல் பக்க விளிம்பு மட்டும் தேய்ந்து தாள்போல் ஆகியிருந்தது. குந்தி உட்காரச் சொன்னால் குதிகால் தரையைத் தொடவில்லை. அவன் அம்மா, நான் எதுவும் கேட்பதற்கு முன்பே, "ஒரு ராத்திரிகூட விடலைங்க" என்று அழத் தொடங்கிவிட்டார். அந்தப் பெயரை அவர் கையில் எப்படிக் கொடுப்பது? குற்றம் சாட்டும் பெயர் இருந்தால், விட்டவர்களும் அடுத்த முறை காட்ட வரமாட்டார்கள். சீக்கிரம் வந்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று மாவுக்கட்டிலேயே பாதத்தைத் திருப்பிவிடலாம்.

முதலிலேயே முழுதும் சரியாகாமல் மிச்சம் நின்ற கோணலை இதோடு குழப்பக் கூடாது. 'எச்சத்திருகல்' என்று ஒருவர் எழுதியிருந்தார். வினையெச்சம் போல முற்றுப்பெறாதது என்ற அளவில் பொருத்தம்தான். ஆனால் பேச்சில் எச்சம் என்றதும் பறவை நினைவு வருகிறது. 'எஞ்சுதிருகல்' சரிப்படுமா, சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. சுமார் இரண்டரை வயதுக்கு மேல், நடக்கும்போது உள்ளங்கால் உள்பக்கம் திரும்புகிற பிள்ளைகளுக்கு, கணுக்காலுக்கு மேலே காலின் முன்பக்கம் உள்ள தசையின் முனையைப் பாதத்தின் நடுவே உள்ள மூன்றாம் ஆப்பெலும்புக்கு மாற்றித் தைக்கிறார்கள். பாதத்தை உள்ளே இழுத்த தசை அதன்பின் நேராகத் தூக்கும். கையேட்டின் முதல் வரைவில் இது 'நரம்பு மாற்று அறுவை' என்று இருக்கிறது. பேச்சு வழக்கில் அப்படித்தான் சொல்கிறார்கள், தெரியும். ஆனால் "நரம்பை வெட்டிட்டா கால் விளங்காமப் போயிடுமா" என்று கேட்டுச் சிகிச்சையே வேண்டாம் என்று போனவர்களைப் பார்த்திருக்கிறேன். குதிகாலுக்கு மேலே ஊசி நுழையும் அளவில் செய்யும் சிறு வெட்டுக்கும் இதே பயம்தான். இரண்டிலும் வெட்டுவது நரம்பை அல்ல, தசையை எலும்போடு பிணைக்கும் கயிறு போன்ற நாரைத்தான். வில்லின் நாண் எல்லாருக்கும் தெரிந்த சொல். 'குதிநாண் வெட்டு', 'நாண் இடமாற்றம்' என்று திருத்திவிடலாமா? வரைவு அச்சுக்குப் போகும் முன் இந்த இரண்டையாவது முடிவு செய்துவிடுவோம்.

அன்புடன்.