போர்ட்டலில் செய்ததை ஸ்கிரிப்டில் போட்டேன், மாட்டிக்கொண்டேன்

வாடிக்கையாளர்களுக்கு ஈஆர்பி (நிறுவனத்தின் கணக்கு, இருப்பு, விற்பனையை ஒன்றாகப் பார்க்கும் மென்பொருள்) நிறுவிக் கொடுப்பது எங்கள் குழுவின் வேலை. அதில் லாகினைப் பார்த்துக்கொள்ளும் மைக்ரோசாஃப்ட் எண்ட்ரா ஐடியில் (2023ல் பெயர் மாறியும் எங்கள் வாயில் இன்னும் அஷூர் ஏடிதான்) ஆப்பைப் பதிவு செய்வது, ரீடைரக்ட் யூஆர்ஐ (லாகின் முடிந்ததும் திரும்பி வரவேண்டிய முகவரி), அனுமதிகள், கிளையண்ட் சீக்ரெட் (ஆப்பின் கடவுச்சொல்) எல்லாம் போர்ட்டல் என்கிற நிர்வாக இணையதளத்தில் கையால்தான். ஒரு எழுத்து பிசகினாலும் லாகின் வராது. இதையெல்லாம் நிரல் வழியாகவே செய்ய மைக்ரோசாஃப்ட் தரும் கிராஃப் ஏபிஐ வழியாக பவர்ஷெல் ஸ்கிரிப்ட் எழுதிவிடலாம் என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன்.

சோதனை டெனன்டில் (ஒரு நிறுவனத்துக்கென்று எண்ட்ராவில் இருக்கும் தனி இடம்) ஓட்டினேன். ஆப் உருவானது, லாகின் வரவில்லை. ஒரு நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் விளங்கியது. போர்ட்டலில் பதிவு செய்தால் சர்வீஸ் பிரின்சிபலும் (அந்த டெனன்டில் ஆப்புக்கான கணக்கு மாதிரி) கூடவே உருவாகிவிடும். ஏபிஐயில் அதை நாம்தான் தனியாக உருவாக்க வேண்டும். இத்தனை வருடம் போர்ட்டல் சத்தமில்லாமல் செய்துகொடுத்த வேலை! சரி, அந்த வரியைச் சேர்த்தேன். இப்போது 'அப்படி ஒரு ஆப்பே இல்லை' என்று பிழை. ஒரு நொடி முன்புதானே உருவாக்கினேன்? புதிய பதிவு எல்லா இடத்துக்கும் பரவக் கொஞ்ச நேரம் பிடிக்கும், அதற்குள் கேட்டால் இப்படித்தான். காத்திருந்து மறுபடி முயலும்படி மாற்றினேன்.

இந்தக் கூத்தில் ஸ்கிரிப்டை எத்தனை முறை ஓட்டினேனோ அத்தனை ஆப்கள், எல்லாம் ஒரே பெயரில். அங்கே பெயர் ஒன்றாக இருக்கத் தடையில்லை, ஐடிதான் வேறுபடும். முதலில் தேடு, இல்லாவிட்டால் மட்டும் உருவாக்கு என்று எழுதாதது என் தப்பு.

சீக்ரெட்டின் மதிப்பு உருவாக்கும்போது ஒரே ஒரு முறைதான் கண்ணில் படும். தொலைந்துவிடுமே என்று லாக் கோப்பில் எழுத வைத்திருந்தேன். எங்கள் லீட் பார்த்துவிட்டு, "இந்த லாகை யார் யார் திறக்கலாம், தெரியுமா?" என்றார். அன்றே அந்தச் சீக்ரெட்டை அழித்தேன். புதியது நேராக, ரகசியங்களைப் பூட்டி வைக்கும் அஷூரின் கீ வால்ட்டுக்குப் போனது.

அட்மின் கன்சென்ட்டை (ஆப் கேட்கும் அனுமதிகளுக்கு நிர்வாகி தரும் ஒப்புதல்) மட்டும் வேண்டுமென்றே கையில் விட்டேன். என்னென்ன அனுமதி கேட்கிறோம் என்று வாடிக்கையாளரின் நிர்வாகி படித்துப் பார்த்தே அழுத்தட்டும்.

பதில்: எங்களுக்கு அடி விழுந்தது பிற்பாடுதான். போர்ட்டலில் சீக்ரெட்டின் ஆயுள் அதிகபட்சம் 24 மாதம். உருவாக்குவதை ஸ்கிரிப்டில் போட்டோம், புதுப்பிப்பதை யாரோ ஒருவரின் ஞாபகத்தில் விட்டோம். ஆயுள் முடிந்து, ஒரு திங்கட்கிழமை காலை இன்வாய்ஸ் ஒன்றுகூடப் போகவில்லை. இப்போது அஷூருக்குள் ஓடுகிறவற்றுக்கு மேனேஜ்டு ஐடென்டிட்டி (அஷூரே பார்த்துக்கொள்ளும் அடையாளம்); அங்கே நாம் வைத்துக் காக்க வேண்டிய சீக்ரெட்டே கிடையாது. மற்றவற்றுக்கு, சீக்ரெட்டுக்குப் பதில் டிஜிட்டல் சான்றிதழ். உங்கள் முதல் வாடிக்கையாளரின் சீக்ரெட் காலாவதியாகும் தேதியைப் பார்த்துவிடுங்கள்.

பதில்: பார்த்தேன் சகோ. இன்னும் 19 நாள்.