ஒரு பரோலோவின் விலைக்குப் பின்னால்

"அதே ஊர், அதே நெபியோலோ திராட்சை. ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, பரோலோ என்று பெயர் போட்டால் மட்டும் ஏன் இந்த விலை?" என்று இத்தாலியின் பரோலோ சிவப்பு ஒயினைப் பற்றிக் கேட்டவருக்கு, நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன்.

டூரினில் வேலை பார்த்தபோது விடுமுறை கிடைத்தால் லாங்கே குன்றுகளுக்குப் போய்விடுவேன். அங்கே செர்ராலுங்கா தால்பா என்ற ஊரில் ஒரு குடும்பம் தங்கள் நிலவறையில் மூன்று ஒயின்களை ஊற்றித் தந்தது. முதலாவது லாங்கே நெபியோலோ, 20 யூரோவுக்குள். அடுத்தது பரோலோ, 45 யூரோ. மூன்றாவது ஒரே தோட்டத்தின் பெயர் போட்ட பரோலோ, 90 யூரோவுக்கு மேல். மூன்றுமே அவர்கள் சொந்தத் தோட்டத்துத் திராட்சைதான்.

ஆள் உயரத்துக்கும் மேலான ஓக் பீப்பாய்களில் அறுவடை ஆண்டையும் குன்றின் பெயரையும் சாக்கட்டியால் எழுதியிருந்தார்கள். அந்த வீட்டுப் பெரியவர் ஆண்டைக் காட்டி, "பறித்தது எப்போது, விற்கப் போவது எப்போது என்று எண்ணிப் பாருங்கள்" என்றார். சட்டப்படி பரோலோ, அறுவடை ஆண்டின் நவம்பர் 1 முதல் குறைந்தது 38 மாதம் காத்திருக்க வேண்டும், அதில் 18 மாதம் மரப் பீப்பாயில். 2016 அக்டோபரில் பறித்தது 2020 ஜனவரியில்தான் கடைக்கு வர முடியும். ரிசெர்வா என்ற, இன்னும் நீண்ட காலம் வைத்திருக்கும் வகை என்றால் 62 மாதம். அதற்குள் அடுத்தடுத்த அறுவடைகளும் உள்ளே வந்து சேரும். கூலி, பீப்பாய், இடம் எல்லாவற்றுக்கும் காசு போய்க்கொண்டே இருக்கும், வரவு இருக்காது. மரத்தின் வழியாக ஒயின் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும், அதையும் அவ்வப்போது நிரப்ப வேண்டும். லாங்கே நெபியோலோவுக்கு இந்தக் கட்டாயக் காத்திருப்பு இல்லை. விலை இறங்குவதற்கு அதுவே பெரிய காரணம்.

அப்புறம் நிலம். நெபியோலோ சீக்கிரம் துளிர்த்துத் தாமதமாகப் பழுக்கும். வசந்தகாலப் பனியும் இலையுதிர்கால மழையும் இரண்டு பக்கமும் மிரட்டும். அதனால் வெயில் நன்றாக விழும் தெற்கு, தென்மேற்குச் சரிவுகள்தான் வேண்டும், அவை கொஞ்சம்தான். பரோலோ எல்லைக்குள் வருவதே 11 ஊர்கள். நல்ல சரிவில் ஒரு ஹெக்டேர் பத்து லட்சம் யூரோவைத் தாண்டிவிடுகிறது. சரிவில் கையால்தான் பறிக்க வேண்டும். கோடையில் நல்ல குலைகளையே வெட்டித் தரையில் போடுவதைப் பார்த்தேன், மிச்சக் குலைகளில் சாரம் ஏறட்டும் என்று. எனக்கு மனசு கேட்கவில்லை, ஆனால் அதன் பலன் கிளாஸில் தெரிந்தது.

அந்த மூன்றாவது ஒயின் அன்றைக்கு எளிதாக இறங்கவில்லை. நிறம் வெளிறிய சிவப்புதான், ஆனால் கொட்டைப்பாக்கை மென்றதுபோல ஈறெல்லாம் துவர்ப்பு. செர்ராலுங்காவின் பழைய, இறுகிய சுண்ணாம்புக் களிமண் இப்படித்தான் கொடுக்கும். லா மொர்ரா என்ற ஊர்ப் பக்கம் மண் இளையது, ஒயினும் மென்மையாக இருக்கும், வாசனை முந்தும். அந்தத் துவர்ப்பும் புளிப்பும்தான் இருபது, முப்பது ஆண்டு தாங்க வைக்கின்றன. கூடுதல் பணம் அந்தத் தாங்கும் சக்திக்கு. இன்றே திறந்து குடிக்கப் போகிறவர் 20 யூரோ பாட்டிலில்தான் அதிக சந்தோஷப்படுவார் என்பது என் கருத்து.

* * *

மேலே பதில் எழுதியவர் சொன்னது சரி, ஆனால் தயாரிப்பாளர் பெயரை விட்டுவிட்டார். பார்த்தோலோ மஸ்கரெல்லோ தனித் தோட்டப் பெயரே போடுவதில்லை. கன்னூபி உட்படப் பல தோட்டத்துத் திராட்சையை ஒன்றாகச் சேர்த்து ஒரே பரோலோ. ஆனாலும் பல தனித் தோட்ட ஒயின்களை விட விலை அதிகம். கிடைப்பது கொஞ்சம், கேட்பவர்கள் உலகம் முழுக்க. ஜாக்கமோ கொன்தெர்னோ என்ற தயாரிப்பாளரின் மொன்ஃபோர்த்தினோ பரோலோ எல்லா ஆண்டும் வருவதுகூட இல்லை.

ஆண்டும் முக்கியம். 2014 கோடையில் மழை கொட்டியது, அதனால் பலரும் அதைத் தயங்கித்தான் வாங்கினார்கள். நல்ல கைகள் செய்த 2014 பரோலோவை நான் விரும்பிக் குடித்தேன், 2016 போல நீண்ட காலம் காக்க வைக்கவும் இல்லை.

* * *

பழைய பாட்டில் வாங்குபவர்களுக்கு ஒன்று. வெளிச்சத்தில் பிடித்து, கழுத்தில் ஒயின் எந்த உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். எனக்கு ஒரு கடையில் காட்டிய தொண்ணூறுகளின் பாட்டிலில் அது தோள்வரை இறங்கியிருந்தது, கார்க் ஓரத்தில் கசிந்த கறையும் இருந்தது. விலை மட்டும் புத்தம்புது பாட்டிலுக்குச் சொல்வதுபோல. நான் வாங்கவில்லை. எங்கே, எந்தச் சூட்டில் வைத்திருந்தார்கள் என்று கடைக்காரர் சொல்ல முடியாவிட்டால், லேபிளில் எந்தப் பெயர் இருந்தாலும் அந்தக் காசு கொடுக்காதீர்கள்.