யூலெஸின் புள்ளிப் படம்: சதுரம் ஏன் மிதக்கவில்லை?

கேள்வி:
பேலா யூலெஸ் 1960இல் வெளியிட்ட ரேண்டம் புள்ளிப் படத்தை வகுப்புக்காகச் செய்கிறேன். இடக்கண்ணுக்கும் வலக்கண்ணுக்கும் தனித்தனிப் படம்; இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நடுச் சதுரம் மிதக்க வேண்டும். ஒவ்வொன்றும் 100×100 கட்டம். வலக்கண் படத்தில் நடுவிலுள்ள 40×40 சதுரத்தை இடப்பக்கம் 4 கட்டம் நகர்த்தியாயிற்று. ஆனால் சதுரம் மிதக்கவில்லை, அதன் வலது ஓரத்தில் வெள்ளைப் பட்டைதான் தெரிகிறது. இன்னொன்று, யூலெஸ் உளவியல் படித்தவரா?

பதில் 1:
பட்டைதான் காட்டிக்கொடுக்கிறது. சதுரம் விலகிய இடத்தில் 4 கட்ட அகலம் காலியாகும். அங்கே புதிய ரேண்டம் புள்ளிகளைப் போடுங்கள். ஒரு கண்ணை மூடினால் எந்த உருவமும் தெரியக் கூடாது, சோதனையின் உயிரே அதுதான். உருவத்தை முதலில் அடையாளம் காணாமலே மூளை ஆழத்தை உணரும் என்று யூலெஸ் காட்டியது இதை வைத்துத்தான்.

பதில் 2:
ஜேபெக் வேண்டாம், புள்ளி ஓரங்கள் கலங்கிவிடும்; பிஎன்ஜியில் சேமியுங்கள். இடக்கண் வலப்பக்கப் படத்தையும் வலக்கண் இடப்பக்கப் படத்தையும் பார்க்கும்படி கண்களைக் குறுக்காக வைத்துப் பார்த்தால் சதுரம் பள்ளமாகத் தெரியும், அது பிழையல்ல. சிறுவயதிலிருந்தே மாறுகண் உள்ள மாணவருக்குப் பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. அவரை வற்புறுத்தாதீர்கள்.

பதில் 3:
உளவியல் இல்லை, ஹங்கேரியில் ரேடார் பொறியாளர். 1956 எழுச்சிக்குப் பின் அமெரிக்கா போய் பெல் லேப்ஸ் என்ற தொலைபேசி நிறுவன ஆய்வகத்தில் சேர்ந்தார். கணினியில் ரேண்டம் புள்ளிகளை உருவாக்கும் வசதி அன்று அங்கே இருந்தது பெரிய விஷயம். 1989இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் போனார்.